899 ரூபாய் பிளானரும் அத்தையின் தினசரி காலண்டரும்

போன டிசம்பரில் ஆன்லைனில் 899 ரூபாய் கொடுத்து ஒரு ஃபேமிலி பிளானர் வாங்கினேன். 2025 ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து இந்த ஆகஸ்ட் பாதி வரைக்கும் அதோடு மல்லுக்கட்டியாகிவிட்டது, நடுவில் மூன்று வாரம் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான். வாங்கி நாலே நாளில் அட்டையை போட்டோ எடுத்துப் போட்டு அஞ்சு ஸ்டார் கொடுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நானும் ஜனவரியில் எழுதியிருந்தால் அப்படித்தான் கொடுத்திருப்பேன், அவ்வளவு அழகான அட்டை. இது ஏழரை மாதம் புழங்கியபிறகு எழுதுவது, அதனால் கொஞ்சம் நீளும்.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த மாதிரி பிளானர் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வார்ப்புதான். வருஷத்துக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு இரண்டு பக்கம், வாரத்துக்கு இரண்டு பக்கம், ஹாபிட் டிராக்கர், சாப்பாட்டு அட்டவணை, பட்ஜெட், 'இன்று நன்றி சொல்ல மூன்று விஷயங்கள்', கடைசியில் ஒரு ஷீட் ஸ்டிக்கர். அட்டையில் ஒன்றில் பூ இருக்கும், இன்னொன்றில் மலை இருக்கும். என்னுடையதில் பூ.

எங்கள் வீட்டு நிலவரம் சொன்னால்தான் மற்றது புரியும். மதுரை. நான், வீட்டுக்காரர், பத்தாவதில் ஒரு மகள், நாலாவதில் ஒரு மகன், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், மாதா மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி கணக்கில் கழுத்து நெரிபடும். இதற்கு முன்னால் வீட்டு விஷயங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. கொஞ்சம் ஃப்ரிட்ஜ் கதவில், கொஞ்சம் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸப்பில், கரண்ட் கார்டின் பின்பக்கத்தில், மீதி முழுக்க என் தலையில். போனிலேயே காலண்டர் இருக்கிறதே என்பீர்கள். வைத்துப் பார்த்தேன். 'சிலிண்டர் புக் பண்ணு' என்று சத்தம் வரும், கை தானாகத் தள்ளிவிடும், அதோடு சரி. அப்புறம் என் போனில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "அம்மா, நாளைக்கு என்ன?" என்று ஆளாளுக்கு என்னைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நிறுத்தத்தான் 899 ரூபாய்.

பெட்டியைப் பிரித்ததும் அத்தை கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்சதை எல்லாமா தாயி எழுதி வைக்கணும்?" என்று கேட்டார். எட்டு டம்ளர் படம் போட்ட கட்டம் அது. அவருக்குத் தன் பிளானர் ஏற்கெனவே இருக்கிறது, மளிகைக் கடையில் வருஷா வருஷம் இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டர். காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழிப்பார், ராகு காலம் எமகண்டம் பார்ப்பார், யாருக்குச் சந்திராஷ்டமம் என்று வாசித்துச் சொல்வார். கூடுதல் பால் வாங்கிய நாளில் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் துணி கிளிப்பில் கோத்து, பின்பக்கத்தில் அயர்ன் கணக்கு எழுதுவார். எத்தனை சட்டை, எத்தனை சேலை, எப்போது போனது, எப்போது வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இந்த ரிவ்யூ எழுத உட்காரும்போதுதான் தோன்றியது, நான் வாங்கிய பிளானருக்கு உண்மையான போட்டி இன்னொரு கம்பெனி பிளானர் இல்லை, சுவரில் தொங்கும் அந்தக் காலண்டர்தான்.

முதல் அடி பொங்கலில் விழுந்தது. ஜனவரி 13 கட்டத்தில் லோஹ்ரி என்று அச்சடித்திருக்கிறார்கள். 14இல் மகர சங்கராந்தி. பொங்கல் என்ற சொல்லையே காணோம். 15உம் 16உம் வெள்ளையாகக் கிடந்தன, மதுரையில் அந்த இரண்டு நாளும் வெறும் நாளாம். 14 அவனியாபுரம், 15 பாலமேடு, 16 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நாட்களை என் மகனே ஸ்கெட்ச்சில் எழுதி, காளை படமும் வரைந்துவிட்டான். சரி, வடக்கே அச்சடித்தது, போகட்டும் என்று விட்டேன். மே 12இல் மறுபடி வந்தது. அன்றைக்கு 'புத்த பூர்ணிமா' என்று இருக்கிறது, அது தப்பில்லை, விடுமுறைப் பட்டியலில் அப்படித்தான் வரும். ஆனால் எங்கள் ஊரில் அது அழகர் ஆற்றில் இறங்கிய நாள். எந்த ரோட்டை எப்போது அடைப்பார்கள், எந்தச் சொந்தக்காரர் எந்த ராத்திரி வந்து இறங்குவார், எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் ஓடும். அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள், ஒன்றும் கிடையாது. முகூர்த்த நாள் தெரியாமல் ஒரு குடும்பத்துக்குப் பிளானர் எப்படிப் போடுவது? ஆவணியில் எந்த ஞாயிறு நமக்குச் சொந்தம், எந்த ஞாயிறு கல்யாண மண்டபத்துக்குச் சொந்தம் என்று அதை வைத்துத்தானே தெரியும். சிவகாசி இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஒவ்வொரு ஆடி 18க்கும் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற ஊர். அங்கே யாராவது ஒருவர் தினசரி காலண்டரில் இருப்பதை வாரப் பக்கத்தில் இறக்கி ஒரு பிளானர் அடித்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வாசிக்க வாசிக்க, நான் டிசம்பர் வரைக்கும் அமாவாசையையும் முகூர்த்தத்தையும் பென்சிலால் ஏற்றினேன். ஒண்ணரை மணி நேரம். காசு கொடுத்து வாங்கியதில் நானே அச்சுக் கோத்த கதை.

இனி உள்ளே. இந்தப் பிளானரின் பெரிய கோளாறு எனக்கு மார்ச்சில்தான் புரிந்தது. மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. 18ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே பிளானரைத் திறந்து மாதப் பக்கத்தில் எழுதினேன், பெருமையாக. எழுதியதை வாரப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும், அதை மறந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க வாரப் பக்கம்தான் கண்ணில் பட்டது, மாதப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஏழு மணிக்குப் போன் வருகிறது, "மேடம், வர்றீங்களா?" என்று. நான் அப்போது ஆபீஸில் ஒரு பேலன்ஸ் ஷீட்டில் பதினெட்டு ரூபாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த நேரம் கிடைக்க எட்டு நாள் ஆனது, எட்டு நாளும் அவன் ஒரு பக்கமாகவே மென்றான்.

எழுதாமல் மறந்திருந்தால் பரவாயில்லை. எழுதியும் மறந்தேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. வருஷப் பக்கம், மாதப் பக்கம், வாரப் பக்கம், அதற்குள் ஒவ்வொரு நாளுக்கும் 'முக்கியமான மூன்று' என்று ஒரு கட்டம். ஒரே பல்லை நாலு இடத்தில் எழுத வேண்டும். ஆபீஸில் இதை டபுள் என்ட்ரி என்போம், அங்கேயாவது இரண்டு பக்கமும் டேலி ஆகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு மாதப் பக்கத்தை முகூர்த்தத்துக்கும் பரீட்சைக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டேன். மற்ற எல்லாம் நேராக வாரப் பக்கம். ஆறு மாதம் கழித்து வருவதாக இருந்தாலும் அந்த வாரத்தைத் தேடிப் போய் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு எதுவும் தப்பவில்லை.

மார்ச் 20லிருந்து ஏப்ரல் 10 வரை பிளானரில் ஒரு எழுத்து இல்லை. வருஷ முடிவு வேலை, வீட்டுக்கு வருவதே ராத்திரி ஒன்பதரை. திரும்ப எடுத்தபோது அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, ஏதோ கடன் பாக்கி மாதிரி. அத்தை காலண்டரில் இந்தத் தொந்தரவே இல்லை. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் ஏழு தாளைச் சேர்த்துக் கிழித்து இன்றைக்கு வந்து நிற்பார். தேதி அச்சடித்த பிளானர் வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், விட்ட நாளெல்லாம் அப்படியே உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். என் மகளுக்கு அந்த மனக்கஷ்டம் எதுவும் இல்லை. காலிப் பக்கம்தானே என்று ஜூலையில் அதில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள், இப்போது எங்கள் வீட்டு மார்ச் கடைசி வாரத்தில் முழுக்க முக்கோணவியல்.

அப்புறம் சாப்பாட்டுப் பக்கம். காலை, மதியம், மாலை, இரவு என்று ஏழு நாளைக்கு இருபத்தெட்டு கட்டம். ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் சாலட் படம். முதல் மாதம் ஒழுங்காக எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன், இரண்டாவது வாரமே பொய்த்துவிட்டது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை. நம் வீட்டுச் சமையல் கட்டம் கட்டமாக ஓடுவதில்லை, மாவை ஒட்டி ஓடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் நாலுக்கு ஒன்று ஊறப்போட்டு சாயங்காலம் அரைத்தால் ஞாயிறு இட்லி, திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் புளித்துப்போனதில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் இல்லையென்றால் பணியாரம், வியாழன் உப்புமா என்று சொன்னதும் எல்லோர் முகமும் சுருங்கும், மறுபடி ஊறப்போட வேண்டும். ஆக, நான் எழுத வேண்டியது இருபத்தெட்டு சாப்பாடு இல்லை, இரண்டே வரி. என்றைக்கு ஊறப்போடுவது, யார் அரைப்பது. அதை வாரப் பக்கத்து ஓரத்தில் எழுதிவிட்டு, அந்தச் சாலட் பக்கத்தை மகனிடம் படம் வரையக் கொடுத்துவிட்டேன்.

பட்ஜெட் பக்கம் பரவாயில்லை ரகம். வாடகை, மளிகை, பெட்ரோல், 'பொழுதுபோக்கு', 'சுய பராமரிப்பு'. மொய்க்கு இடம் இல்லை, சீட்டுக்கு இடம் இல்லை, தண்ணி கேனுக்கு இல்லை. ஜப்பானில் காகேபோ என்று ஒரு வீட்டுக் கணக்கு நோட்டு முறை உண்டு, ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் தொடங்கி வைத்தது. அத்தியாவசியம், ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று செலவை நாலாகப் பிரித்து, கையால்தான் எழுத வேண்டும் என்பார்கள். மொய்யை இதில் எதில் வைப்பது என்று நானும் வீட்டுக்காரரும் ஒருநாள் விவாதித்தோம். அவர் பண்பாடு என்றார். நான் கடன் என்றேன். நம் வீடுகளில் மொய் நோட்டு எழுதுகிற ஒழுங்கில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், எந்தப் பிளானரும் தேவைப்படாது. யார், எந்த ஊர், எந்த விசேஷம், எவ்வளவு என்று முப்பது வருஷத்துக்கு முந்தையதையும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள்.

பட்ஜெட் பக்கத்தை நான் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துகிறேன், இது உண்மையிலேயே காசு மிச்சம் பிடித்தது. கரண்ட் மீட்டர். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங், 2025 கணக்குப்படி முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101லிருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் போய்விடும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மகனை அனுப்பி மீட்டரைப் பார்த்து எழுத வைக்கிறேன். மே மாத வெயிலில் நாற்பதாம் நாளே 390 என்று காட்டியது. அன்றையிலிருந்து இரண்டு ஏசி ஒரு ஏசி ஆனது, எல்லோரும் ஒரே ரூமில் பாய் விரித்துப் படுத்தோம். 488இல் முடிந்தது. மகன் இதை ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அத்தையின் சோதனைகளும் இப்படித்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை பார்க்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், சீக்கிரமே மறுபடி எடுத்தால் புதிதாக ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஜனவரியில் உட்கார்ந்து நாலு தேதியையும் நாலு வாரப் பக்கத்தில் எழுதிவிட்டேன். போன வருஷம் இரண்டு முறைதான் எடுத்திருந்தோம், இந்த வருஷம் இதுவரை மூன்றும் தேதி தவறாமல் எடுத்தாயிற்று. பிளானரில் இதுவரை எனக்குப் பிடித்த விஷயம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஹாபிட் டிராக்கருக்கு வருவோம், விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் பன்னிரண்டு பழக்கங்கள், வலதுபக்கம் முப்பத்தோரு குட்டிக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு உளுந்து அளவுக்கு இருக்கும். செய்த நாளுக்கு நிறம் தீட்ட வேண்டும். நடைப்பயிற்சி, தண்ணீர், பத்துப் பக்கம் வாசிப்பு, சர்க்கரை இல்லாத காபி, தியானம் என்று ஆளாளுக்கு எழுதினோம். மகனுக்கு ராத்திரி பல் துலக்குவது. ஜனவரி 2ஆம் தேதி காலையில் திறந்து பார்க்கிறேன், அவன் வரிசையில் 31 வரைக்கும் பச்சையாக இருக்கிறது. என்னடா இது என்றால், "மாசம் முழுக்க முடிச்சுட்டேன்மா, இனி பிப்ரவரிதான்" என்கிறான்.

அவனை விடுங்கள், நானே என்ன ஒழுங்கு. ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர்க் கட்டம் காலியாக இருக்கிறதே என்று இரண்டு டம்ளரைச் சேர்த்துக் குடித்துவிட்டு நடுராத்திரியில் எழுந்து நடந்திருக்கிறேன். கட்டத்துக்காகக் குடித்த தண்ணீர்! இதோடு '21 நாளில் புதிய பழக்கம்' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக 'குறைந்தது' ஒரு 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினாராம். ஊர் ஊராகப் போனதில் அந்தக் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைத் தினமும் குறிப்பெழுத வைத்து உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், 2010இல் வந்த ஆய்வு. ஒரு செயல் தன்னால் நடக்கிற அளவுக்குப் பழக நடுவாந்தரமாக 66 நாள், ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18லிருந்து 254 நாள் வரைக்கும். இன்னொன்றும் கண்டார்கள், நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடுவதில்லை. அந்த ஸ்டிக்கர் ஷீட்டில் எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான், அது அதில் இல்லை.

இப்போது பன்னிரண்டை மூன்றாகக் குறைத்தாகிவிட்டது. அத்தையின் மாத்திரை, மகனின் பல், என் நடை. மகனுடையதை அவன் அக்காதான் தீட்ட வேண்டும், அவன் தொடக்கூடாது. இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அவள் ஒரு நாளைக்கும் இரக்கம் காட்ட மாட்டாள்.

சரி, வாரப் பக்கம். இதற்காகத்தான் இந்தப் பிளானருக்கு மூன்று ஸ்டாராவது கொடுக்கிறேன். இடதுபக்கம் திங்கள் முதல் வியாழன், வலதுபக்கம் வெள்ளி, சனி, ஞாயிறு, மிச்சம் ஒரு காலிக் கட்டம். கோடு மெல்லியது, இடைவெளி தாராளம், ஒரு நாளைக்கு ஏழெட்டு வேலை எழுதலாம். டைனிங் டேபிளில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் அது எப்போதும் விரிந்தே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்ட தட்டை எடுத்ததும் இருபது நிமிஷம், எல்லோரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தை எழுதுவோம். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே எந்த நாளில் நல்ல தண்ணி வரும் என்பார் (எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்), மகள் டெஸ்ட் தேதி சொல்வாள், வீட்டுக்காரர் வண்டி சர்வீஸ், வெளியூர் வேலை என்று சொல்வார்.

யார் எந்த வேலை என்று காட்ட முதலில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டோம். 'அ' என்றால் அம்மாவா, அப்பாவா, அத்தையா, அக்காவா என்று முதல் வாரமே சண்டை. அதனால் நாலு கலர் பால்பாயின்ட் பேனா ஒன்று வாங்கினேன், ஸ்கூல் காலத்தில் எல்லோருக்கும் ஆசையாக இருக்குமே, மேலே நாலு பொத்தான் வைத்தது. நீலம் நான், கறுப்பு அவர், சிவப்பு மகள், பச்சை மகன். அத்தைக்குப் பென்சில், அவர் கேட்டு வாங்கியது.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு. வழக்கம்போல எழுத உட்கார்ந்தால் நீலம் எழுதவில்லை. கிறுக்கிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் பேனாவை வாங்கித் திருகிப் பிரித்தார். நாலு ரீஃபிலையும் எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தார். சிவப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பச்சை கிட்டத்தட்ட அப்படியே. கறுப்பு புத்தம் புதுசு. நீலம் வெறும் கண்ணாடிக் குழல். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மகள்தான், "அப்பா, உங்க மை காயாம பாத்துக்கங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக நான் வாயால் சொல்லி, சண்டை போட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துப் புரியவைக்க முடியாததை நாலு குழல் சொல்லிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் ஐந்து ஸ்டார் அந்தப் பேனாவுக்குத்தான் போக வேண்டும், அதன் விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை. ஆனால் எல்லோர் வேலையும் ஒரே பக்கத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எழுதியிருந்ததால்தானே அந்த மை தீர்ந்தது தெரிந்தது. போனில் இருந்தால் எந்த ரீஃபிலும் காலியாகாது. அடுத்த வாரம் அவர் பேனாவை முதலில் எடுத்தார். சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், மிளகாய்த்தூள் மில். கறுப்பில் மூன்று வரி. அதிகம் இல்லைதான், ஆனால் நான் சொல்லி எழுதியது இல்லை.

தாளைப் பற்றியும் பைண்டிங் பற்றியும் கேட்பீர்கள். அளவு ஏ5, கனம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, ஹேண்ட்பேக்கில் போட்டுப் போக முடியும் ஆனால் தோள் வலிக்கும். தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று போட்டிருக்கிறார்கள். பால்பாயின்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஜெல் பேனா பின்பக்கம் நிழலாகத் தெரிகிறது. என் அப்பாவின் பழைய இங்க் பேனாவால் ஆசையாக ஒரு நாள் எழுதினேன், பரவி, ஊறி, அடுத்த பக்கம் வரைக்கும் போய்விட்டது. ஜிஎஸ்எம் கூடினால் மை ஊறாது என்பது சும்மா. தாளின் மேல்பூச்சுதான் முக்கியம். ஜப்பானில் டோமோயே ரிவர் என்று 52 ஜிஎஸ்எம் தாள் இருக்கிறது, வெங்காயச் சருகு மாதிரி இருந்துகொண்டு இங்க் பேனாவைத் தாங்கும்.

ஸ்பைரல் கம்பி மார்ச்சிலேயே மேல் முனையில் விரிந்துவிட்டது. பக்கம் திருப்பும்போது ஒவ்வொரு முறையும் ஜனவரி கழன்று வந்தது. விற்ற கடைக்கு போட்டோவோடு எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் கொறடால் முனையை மடக்கி, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிவிட்டார், இன்றைக்கும் அதுதான் தாங்குகிறது. ஆனால் ஸ்பைரலில் ஒரு நல்லது, விரித்து வைத்தால் அப்படியே படுத்துக் கிடக்கும், மூடிக்கொள்ளாது. நூல் தைத்த பைண்டிங் உழைக்கும், ஆனால் மலிவான ரகங்களில் நடுவில் கையை வைத்து அமுக்கிக்கொண்டே எழுத வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கிடக்கப்போகிற பொருள் என்றால் கடையில் ஒருமுறை விரித்து வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரசம் பட்டால் கறை போகாது, ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் வீட்டில் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், வருஷம் ஜனவரியில் தொடங்குவது. குடும்பத்துக்கு வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் தொடங்குகிறது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று ஏப்ரலில் முடிகிறது. ஜனவரியில் பரீட்சைக்குப் பாதி வழியில் நிற்கும்போது 'இந்த வருஷத்தின் கனவுகள்' என்று ஒரு பக்கத்தை நீட்டினால் என்ன எழுதுவது? நான் "லீவு" என்று எழுதினேன். நன்றி சொல்லும் பக்கங்கள் மொத்தமும் காலி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

யாருக்கு வாங்கலாம் என்றால், தனியாக இருந்து தன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது தேவைக்கு மேல். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு வாங்கினால் வாரப் பக்கம் மட்டும் உள்ள, தேதி போடாத ரகமாகப் பாருங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம், மூன்று வாரம் விட்டாலும் தாள் வீணாகாது, விலையும் இதில் பாதிக்குள் வரும். அதுவும் அதிகம் என்றால் ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டை வாங்கி ஸ்கேலால் ஏழு கட்டம் போட்டுக்கொள்ளலாம், நான் அடுத்த ஜூனுக்கு அதைத்தான் செய்யப்போகிறேன். தினசரி காலண்டரைக் கழற்றிவிடாதீர்கள். 'ஹாபிட்', 'மைண்ட்ஃபுல்' என்று அட்டையில் போட்டதற்காகக் கூடுதலாக முந்நூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடையிலிருந்து அடுத்த வருஷப் பிளானருக்கு முன்பதிவு என்று போன வாரம் மெசேஜ் வந்தது, தள்ளுபடியோடு. பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மீதி நாலரை மாதத்தை இதிலேயே ஓட்ட வேண்டும், டியூப் தாங்கும் என்று நினைக்கிறேன். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை என்று இதில் சரியாகவே போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமைக் கட்டத்தில் 'முறுக்கு மாவு, மில்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது, கறுப்பில்.